கையால் செய்த புளூகிராஸ் பாஞ்சோ: காசு எதற்குப் போகிறது?

மலையடிவாரம் (ராலே, வட கரோலினா)

வணக்கம். இங்கே வீணை, வயலின், கிட்டார் பற்றியெல்லாம் நிறையப் பேசியாயிற்று. மேளம் போன்ற வட்ட உடலும் நீண்ட கழுத்தும் கொண்ட தந்தி வாத்தியம் பாஞ்சோ. அதற்கு என்று ஓர் இழை இன்னும் வரவில்லை. நானே தொடங்கி வைக்கிறேன்.

போன குளிர்காலத்தில் பழைய ஸ்டெல்லிங் பாஞ்சோ ஒன்று வாங்கினேன். கழுத்தும், ஒலியை முன்னே தள்ளும் பின்பக்க மூடியான ரெசொனேட்டரும் வால்நட் மரம். ஜெஃப் ஸ்டெல்லிங் என்பவர் 1974-ல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய பட்டறை அது. அப்புறம் வர்ஜீனியாவில் புளூ ரிட்ஜ் மலையோரம் ஆஃப்டன் என்ற ஊருக்கு மாறியது. ஒரு சில ஆட்கள் வேலை செய்த சின்னப் பட்டறைதான். ஆனால் புளூகிராஸ் (ஃபிடில், மேண்டலின், பாஞ்சோ எல்லாம் சேர்ந்த ஒரு வகை அமெரிக்கக் கிராமிய இசை) வாசிப்பவர்களிடம் அந்தப் பெயருக்குத் தனி மரியாதை உண்டு.

வாங்கியதிலிருந்து நண்பர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: "இவ்வளவு காசு எதற்கு? முத்துச்சிப்பி வேலைப்பாட்டுக்கா?" இல்லை. அந்தப் பூ வேலையை முழுசாக எடுத்துவிட்டாலும் இந்த வாத்தியம் இப்படியேதான் ஒலிக்கும். காசு போவது வெளியே தெரியாத ஓர் இடத்துக்கு. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

பாஞ்சோவின் வட்டப் பகுதியைக் கழற்றிப் பார்த்தால் நடுவில் 11 அங்குல விட்டத்தில் ஒரு மர வளையம் இருக்கும். அதுதான் ரிம். பெரும்பாலும் மூன்று அடுக்கு மேப்பிளை வளைத்து ஒட்டியது. அதன் மேல் கனத்த வெண்கல வளையம் ஒன்று உட்காரும். அது டோன் ரிங், அது மட்டுமே ஒன்றேகால் கிலோவுக்கு மேல் வரும். அதற்கும் மேலே, மேளத்தின் தோல் மாதிரி இழுத்துக் கட்டிய பிளாஸ்டிக் ஹெட். சுற்றிலும் 24 கொக்கிகள் அந்த ஹெட்டைக் கீழே இழுத்துப் பிடிக்கின்றன. தந்திகளைத் தாங்கும் குதிரையான பிரிட்ஜ் நிற்பது அந்த ஹெட்டின் மேல்தான். தந்தியைத் தட்டினால் அதிர்வு பிரிட்ஜ் வழியாக ஹெட்டுக்கும், அங்கிருந்து வெண்கலத்துக்கும் மரத்துக்கும் போகிறது.

வெண்கலம் மரத்தின் மேல் எப்படி உட்காருகிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. தளர்வாக உட்கார்ந்தால் ஒலி சிதறும். ரொம்ப இறுக்கமாக அடித்து ஏற்றினால் மூச்சு முட்டும். போதாததற்கு மரம் வெயிலுக்கும் மழைக்கும் ஏற்ப உப்பும், சுருங்கும். உலோகம் அப்படிச் செய்யாது. ஜனவரியில் சரியாக இருந்த பொருத்தம் ஆகஸ்டில் மாறிப்போகும். ஸ்டெல்லிங் கண்டுபிடித்த வழி இதுதான்: ரிம், டோன் ரிங், ஃப்ளாஞ்ச் (கொக்கிகளைக் கீழே பிடித்திருக்கும் உலோக வளையம்) மூன்றையும் ஒன்றோடொன்று சேரும் இடத்தில் சரிவாகக் கடைந்துவிடுவது. கொக்கிகளை முடுக்க முடுக்க அவை ஆப்பு இறங்குவதுபோல ஒன்றுக்குள் ஒன்று இறங்கி அமரும். மரம் கொஞ்சம் சுருங்கினாலும் இடைவெளி விழாது. இதற்கு அவர் காப்புரிமையும் பெற்றார்.

காதுக்கு என்ன தெரிகிறது என்றால், மேலே 15-ஆவது, 17-ஆவது ஃப்ரெட் (வீணையின் மெட்டு மாதிரி) வரை போனாலும் ஸ்வரம் மெலியவில்லை. என் பழைய பாஞ்சோவில் அந்த இடத்தில் வெறும் 'டொக்' மட்டும்தான் வரும். இதில் அங்கேயும் முழு ஒலி நிற்கிறது.

உங்களில் யாராவது கையால் செய்த பாஞ்சோ வைத்திருந்தால் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

காவேரிக்கரை (சான் ஹோசே)

அருமையான தொடக்கம் அண்ணா. நான் டீரிங் நிறுவனத்தின் குட்டைம் என்ற பாஞ்சோவை வைத்துப் பழகுகிறேன். ரெசொனேட்டர் இல்லாத, திறந்த முதுகு மாடல். வலது கை விரல்கள் மாறி மாறித் தந்திகளை மீட்டும் அமைப்புகளில் ஃபார்வர்ட் ரோல், ஆல்டர்நேட்டிங் தம்ப் ரோல் இரண்டும் ஓரளவு கைக்கு வந்துவிட்டன. அடுத்து நல்லதாக ஒன்று வாங்கலாமா என்று யோசனை. மூவாயிரம் டாலருக்கு மேல் போடுவது என்றால் வீட்டில் பதில் சொல்லியாக வேண்டும். பழகும் நிலையில் இருக்கிறவனுக்கு அந்த வித்தியாசம் உண்மையிலேயே தெரியுமா?

மலையடிவாரம்

தம்பி, முதலில் ஒன்று. உங்கள் குட்டைமைக் குறைவாக நினைக்காதீர்கள். டீரிங் 1975-லிருந்து கலிஃபோர்னியாவில் பாஞ்சோ மட்டுமே செய்து வரும் குடும்ப நிறுவனம். அந்த மாடலின் கழுத்து நேராக இருக்கும், ஃப்ரெட் சரியாக இருக்கும், ஸ்ருதி நிற்கும். கற்றுக்கொள்ள அதற்கு மேல் என்ன வேண்டும்? பல வருஷம் அதிலேயே வாசிக்கலாம்.

ஆனால் அதில் டோன் ரிங் கிடையாது. ஹெட் நேராக மர ரிம்மின் மேல்தான் அமர்கிறது. எடையும் பாதிக்கும் குறைவு. அதன் ஒலி வட்டமாக, மென்மையாக இருக்கும். நாட்டுப்புறப் பாட்டுக்கு அது அழகு. புளூகிராஸில் ஒரு ஃபிடில், ஒரு மேண்டலின், கிட்டார், நின்றுகொண்டு வாசிக்கும் பாஸ் எல்லாம் ஒரே வட்டத்தில் மைக் இல்லாமல் ஒலிக்கும்போது பாஞ்சோவின் ஒவ்வொரு ஸ்வரமும் தனித்தனி மணியாகத் தெறிக்க வேண்டும். அதற்குத்தான் வெண்கலமும் ரெசொனேட்டரும். என் ஸ்டெல்லிங் ஐந்து கிலோவுக்கும் மேல். அகலமான தோள்வார் இல்லாமல் நின்று வாசித்தால் தோள் இறங்கிவிடும்.

பழகுகிறவனுக்குத் தெரியுமா என்று கேட்டீர்கள். கண்டிப்பாகத் தெரியும். நல்ல பாஞ்சோ உங்கள் வலது கையை மறைக்காமல் காட்டும். கட்டை விரல் ஒரு துளி பிந்தினால் அதுவும் தெளிவாகக் கேட்கும். மங்கலான வாத்தியத்தில் அது காதில் விழாது, விழாததைத் திருத்தவும் முடியாது. கற்றுக்கொள்கிறவனுக்கு நல்ல வாத்தியம் வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

கிழக்குச்சீமை (பிராக்)

அமெரிக்காவுக்கு வெளியிலிருந்து நான் கொஞ்சம் சொல்கிறேன். வேலைக்காக செக் நாட்டுக்கு வந்தவன். இங்கே வந்த பிறகுதான் பாஞ்சோ என்ற ஒன்றையே கையில் எடுத்தேன்.

ஐரோப்பாவில் புளூகிராஸ் ஆழமாக வேரூன்றிய நாடு இதுதான். கதை ரொம்பப் பிடித்தமானது எனக்கு. பனிப்போர்க் காலத்தில் ஜெர்மனியிலிருந்த அமெரிக்க ராணுவத்தின் வானொலியை இங்கே ஒளிந்து கேட்டவர்கள் பலர். 1964-ல் அமெரிக்க நாட்டுப்புறப் பாடகர் பீட் சீகர் பிராகில் வந்து பாடினார். ஐந்து தந்தி பாஞ்சோவைப் பலரும் நேரில் பார்த்தது அப்போதுதான். கடையில் வாங்கலாம் என்றால் ஒன்றும் கிடைக்காது. மார்கோ செர்மாக் என்ற இளைஞர் சீகரின் பாஞ்சோ படங்களைப் பார்த்துப் பார்த்துத் தானே ஒன்று செய்துகொண்டார். அவரைப் பார்த்து மற்றவர்கள் செய்தார்கள். வாசிக்க ஆசைப்பட்டவனே ஆசாரியாகவும் ஆக வேண்டியிருந்தது.

அந்தப் பழக்கம் இன்றுவரை போகவில்லை. பாஞ்சோ, மேண்டலின், ரெசொனேட்டர் கிட்டார் செய்கிற சின்னப் பட்டறைகள் இந்த நாட்டின் அளவுக்கு மிக அதிகம். யாரொஸ்லாவ் ப்ரூஹா செய்யும் பாஞ்சோக்களை அமெரிக்காவில் இருக்கிறவர்களே வரவழைத்து வாசிக்கிறார்கள். என்னிடம் இருப்பது ப்ரூஹாதான். மஹாகனி கழுத்து. மேப்பிளைவிட ஒலி கொஞ்சம் இனிப்பாக, அடி ஸ்வரம் கனமாக இருக்கிறது.

1970-களின் தொடக்கத்திலிருந்து பாஞ்சோ ஜாம்போரி என்று ஒரு விழா நடக்கிறது. அங்கே தாத்தாவும் பேத்தியும் சேர்ந்து வாசிப்பதைப் பார்க்கலாம். பாட்டு செக் மொழியில் இருக்கும், ரோல் மட்டும் அச்சு அசல் வட கரோலினா.

தாளக்கட்டு (சென்னை)

நான் மிருதங்கக்காரன், பாஞ்சோ வாசிப்பவன் இல்லை. ஆனால் இந்தப் பேச்சு எனக்கு ரொம்ப நெருக்கமாக இருக்கிறது. தோலை இழுத்துக் கட்டி அதன்மேல் தந்தியை நிறுத்துவது என்றால் பாதி எங்கள் வேலைதானே!

இரண்டு சந்தேகம். ஹெட் பிளாஸ்டிக் என்றீர்கள். தோல் ஏன் இல்லை? அப்புறம், இதை எந்த அளவுக்கு இறுக்குவது என்று எப்படித் தெரியும்? வாரை இழுத்துக் கட்டிய பிறகு நாங்கள் ஒவ்வொரு கண்ணாகத் தட்டிக் கேட்டு ஸ்ருதி சேர்ப்போம். இதிலும் அப்படி உண்டா?

மரவேலை (கிரீன்ஸ்போரோ, வட கரோலினா)

தாளக்கட்டு ஐயாவுக்கு நான் சொல்கிறேன். பகலில் வேறு வேலை, மாலையில் பாஞ்சோ, கிட்டார் பழுது பார்க்கிறேன்.

1950-களின் கடைசிவரை கன்றுக்குட்டித் தோல்தான். மழை வந்தால் தொங்கிவிடும், வெயிலில் விறைத்துக் கிழியும். மேடைக்கு மேடை ஊர்சுற்றும் கலைஞர்களுக்கு அது பெரிய தொல்லை. மைலார் என்ற பிளாஸ்டிக்கில் ஹெட் வந்தவுடன் புளூகிராஸ்காரர்கள் ஒட்டுமொத்தமாக மாறிவிட்டார்கள். பழைய பாணி வாசிப்பவர்கள் சிலர் இன்னும் தோல் போடுகிறார்கள். அது வேறு இனிமை, ஒத்துக்கொள்கிறேன்.

ஸ்ருதி சேர்ப்பது நீங்கள் சொன்னது போலவேதான். ஒவ்வொரு கொக்கிக்குப் பக்கத்திலும் விரலால் தட்டிக் கேட்க வேண்டும். எல்லா இடத்திலும் ஒரே ஸ்வரம் வர வேண்டும். பலரும் ஜி ஷார்ப் அருகில் வைப்பார்கள். தட்டிக் கேட்கும் காது இல்லாதவர்களுக்கு டிரம் டயல் என்ற சின்னக் கருவி இருக்கிறது. அதில் 90-ஐ ஒட்டி வந்தால் புளூகிராஸுக்குச் சரி. முடுக்கும்போது வரிசையாகப் போகாமல் எதிரெதிராக, ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கும் குறைவாக. ஒரே பக்கம் இழுத்தால் மேல் வளையம் சாய்ந்துவிடும். மைலார்தானே என்று பலம் காட்டினால் 'பட்' என்று வெடிக்கும். முகத்தை விலக்கி வைத்துக்கொள்வது நல்லது.

விலை உயர்ந்த பாஞ்சோ வாங்குகிறவர்களுக்கு இங்கேயே ஒரு சோதனையும் சொல்லிவிடுகிறேன். கழுத்தின் அடி, ரிம்மைத் தொடும் இடத்தை 'ஹீல்' என்போம். ஒரு சாதாரணத் தாளை எடுத்து ஹீலுக்கும் ரிம்முக்கும் நடுவில் செருகிப் பாருங்கள். கையால் செய்த நல்ல பாஞ்சோவில் தாள் நுழையாது. ரிம்மின் வளைவுக்கு ஏற்ப ஹீலைச் செதுக்கி, வைத்துப் பார்த்து, மறுபடி ஓர் இழை சீவி, மறுபடி வைத்துப் பார்த்து... அப்படித்தான் அந்தப் பொருத்தம் வரும். தாள் தாராளமாக உள்ளே போனால், உள்ளே இருக்கும் இரும்புக் கம்பிகளை முடுக்கி ரிம்மையே வளைத்துக் கழுத்தை நிறுத்தியிருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். அந்தக் கம்பிகள் கழுத்தைப் பிடித்து வைக்கத்தான். தந்தியின் உயரத்தை அவற்றால் இஷ்டத்துக்குச் சரிசெய்தால் வட்டமான ரிம் முட்டை வடிவம் ஆகிவிடும். மலையடிவாரம் சொன்ன டோன் ரிங் பொருத்தமும் அதோடு போய்விடும்.

பனிமலை (டொரொண்டோ)

எல்லாரும் மன்னிக்க வேணும், நான் கொஞ்சம் மாறுபடுகிறேன்.

வெண்கல வளையத்தைச் சுற்றி ஒரு பக்தியே வளர்ந்துவிட்டது. 1930-களில் கிப்சன் என்ற அமெரிக்க நிறுவனம் செய்த ஃப்ளாட்ஹெட் மாஸ்டர்டோன் பாஞ்சோ என்றால் எல்லாருக்கும் கண் விரிகிறது. அந்த வளையத்தின் உலோகக் கலவையை அலசி ஆராய்ந்து, அதே செம்பு, அதே தகரம் என்று விளம்பரம் செய்து வளையம் விற்கிறார்கள். அந்தக் காலத்தில் கிப்சனில் வேலை செய்தவர்கள் ஒன்றும் ரகசிய மருந்து கலக்கவில்லை. தொழிற்சாலையில் வரிசையாகச் செய்து இறக்கினார்கள், அவ்வளவுதான்.

இன்னொன்று. புளூகிராஸ் பாஞ்சோவின் முன்னோடிகளான ஏர்ல் ஸ்க்ரக்ஸும் டான் ரீனோவும் 1940-களின் கடைசியில் தங்கள் பாஞ்சோக்களை ஒருவருக்கொருவர் மாற்றிக்கொண்டார்கள். ஸ்க்ரக்ஸ் கடைசிவரை வாசித்த கிரனாடா என்ற கிப்சன் பாஞ்சோ அப்படி ரீனோவிடமிருந்து வந்ததுதான். மாற்றிய பிறகும் ஸ்க்ரக்ஸ் ஸ்க்ரக்ஸாகவே ஒலித்தார், ரீனோ ரீனோவாகவே ஒலித்தார். இரண்டு பேருடைய பதிவுகளையும் வைத்துக் கேளுங்கள். ஒலி இருப்பது விரலில். விரலில் மாட்டும் நகமூடி எந்தக் கோணத்தில் தந்தியைத் தொடுகிறது, பிரிட்ஜிலிருந்து எவ்வளவு தள்ளி அடிக்கிறோம் என்பதில்.

காசு இருக்கிறவர்கள் வாங்கட்டும், அதில் எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் பழகுகிற பிள்ளைகளிடம் நல்ல வாத்தியம் இல்லாவிட்டால் கற்க முடியாது என்று சொல்வது சரியில்லை.

மலையடிவாரம்

கற்க முடியாது என்று நான் சொல்லவில்லை நண்பரே. தவறு காதில் விழும் என்றேன்.

கலவை பற்றிய வணிகம் அளவுக்கு மீறிப் போயிருக்கிறது என்பதில் உங்களோடு முழுசாக ஒத்துப்போகிறேன். எத்தனை சதவீதம் தகரம் என்பதைவிட அது எவ்வளவு ஒழுங்காகக் கடையப்பட்டது என்பது முக்கியம். ஆனால் வளையத்தின் வடிவம் ஒலியை மாற்றும் என்பதை மறுக்க முடியாது. ஃப்ளாட்ஹெட் வளையத்தில் ஹெட் ஓரம்வரை விரிந்து அதிரும், அதனால் அடி ஸ்வரம் ஆழமாக வரும். ஆர்ச்டாப் என்ற இன்னொரு வகை வளையத்தில் உட்பக்கம் ஒரு மேடு ஹெட்டைத் தாங்கும், அதிரும் பரப்பு சுருங்கும், ஒலி கூர்மையாகும். புளூகிராஸ் கலைஞர் ரால்ஃப் ஸ்டான்லியின் பாஞ்சோ அப்படி மலையைக் குத்துவது போலக் கேட்பதற்கு அவருடைய விரல் ஒரு காரணம், ஆர்ச்டாப் இன்னொரு காரணம்.

போருக்கு முந்தைய கிப்சனை நானும் பூஜிக்கவில்லை. ஒன்று மட்டும் பாருங்கள். 1920-களிலும் 30-களிலும் விற்றதில் பெரும்பாலானவை நான்கு தந்தி டெனர் பாஞ்சோக்கள். ஜாஸ், நடன இசைக்காக வாங்கினார்கள். ஐந்து தந்தி ரொம்பக் குறைவு. அதனால் அசல் ஐந்து தந்தி ஃப்ளாட்ஹெட் இன்று வீடு விலை. வாசிக்க ஆசைப்பட்டவர்கள் பழைய டெனரின் கழுத்தைக் கழற்றிவிட்டு ஐந்து தந்திக்குப் புதுக் கழுத்து செய்து போட்டார்கள். இன்றைய பாஞ்சோ கலைஞர் பேலா ஃப்ளெக்கின் 1937 கிப்சன் அப்படி மாற்றியதுதான். ஸ்க்ரக்ஸின் கிரனாடாவுக்கே கழுத்து மாற்றியிருக்கிறார்கள். கழுத்து மாறியும் குரல் மாறவில்லை என்றால் குரல் எங்கே இருக்கிறது? அந்த வட்டத்தில், மரமும் வெண்கலமும் சேரும் இடத்தில். கையால் செய்கிறவர்கள் உழைப்பைக் கொட்டுவதும் அங்கேதான்.

இங்கே வட கரோலினாவின் ஷெல்பி ஊரில் பழைய நீதிமன்றக் கட்டடத்தில் ஏர்ல் ஸ்க்ரக்ஸ் மையம் இருக்கிறது, 2014-ல் திறந்தார்கள். அவர் பிறந்த ஃப்ளின்ட் ஹில் பக்கத்தில்தான். இந்தப் பக்கம் வருகிறவர்கள் ஒரு நாள் ஒதுக்கிப் போய் வாருங்கள். பஞ்சாலையில் வேலை பார்த்த ஒரு பையன், 1945 டிசம்பரில் புளூகிராஸின் தந்தை எனப்படும் பில் மன்ரோவின் குழுவில் சேர்ந்து ஓர் இசையின் முகத்தையே மாற்றினார் என்பது அந்த ஊரைப் பார்க்கும்போது வேறு மாதிரி மனசில் இறங்குகிறது.

பனிமலை

ஆர்ச்டாப் விஷயம் சரி, ஏற்றுக்கொள்கிறேன். விரல்தான் முதல் என்பதில் நான் மாறவில்லை!

எழுத்தாணி (லண்டன்)

கொஞ்ச நேரமாக வாசித்துக்கொண்டே இருக்கிறேன். ஒன்று கேட்கலாமா? புளூகிராஸ் என்றாலே அமெரிக்க மலைப்பகுதி வெள்ளையர்களின் இசை என்றுதான் பரவலாக எண்ணம் இருக்கிறது. பாஞ்சோ அவர்களுடையதுதானா?

கிழக்குச்சீமை

இல்லை. பாஞ்சோ ஆப்பிரிக்கர்களுடையது. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட மக்கள் கரீபியத் தீவுகளிலும் அமெரிக்காவிலும் சுரைக்குடுவையில் தோலைப் போர்த்தி, கழுத்து வைத்து, தந்தி கட்டிச் செய்தார்கள். 1780-களிலேயே, பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதியான தாமஸ் ஜெஃபர்சன், தம் வர்ஜீனியாவில் இருந்த கறுப்பின மக்கள் இந்த வாத்தியத்தை ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்தார்கள் என்று எழுதி வைத்திருக்கிறார்.

மேற்கு ஆப்பிரிக்காவில் காம்பியா, செனகல் பகுதியில் ஜோலா மக்கள் வாசிக்கும் அகொன்டிங் என்ற வாத்தியத்தைப் பாருங்கள். சுரைக்குடுவை, தோல், மூன்று தந்தி. அதில் ஒன்று குட்டைத் தந்தி, கட்டை விரலுக்கு. நம் ஐந்தாவது தந்தி ஐந்தாம் ஃப்ரெட்டிலிருந்து தொடங்கிக் கட்டை விரலுக்காகக் காத்திருக்கிறதே, அதே ஏற்பாடு. காம்பியாவைச் சேர்ந்த டேனியல் ஜட்டா என்ற ஆய்வாளர்தான் அகொன்டிங்கை உலகத்தின் கவனத்துக்குக் கொண்டுவந்தார்.

19-ஆம் நூற்றாண்டில் வெள்ளைக்காரர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பின மக்களைக் கேலி செய்யும் மேடை நிகழ்ச்சிகளில் பாஞ்சோவைப் பிரபலமாக்கினார்கள். அதன் இழிவு தாங்காமலும் கறுப்பினக் கலைஞர்கள் பலர் இந்த வாத்தியத்தை விட்டு விலகினார்கள். 2005-ல் வட கரோலினாவின் பூன் நகரில் கறுப்பினப் பாஞ்சோ கலைஞர்களின் கூடல் நடந்தது. அதில் சந்தித்தவர்களிடமிருந்துதான் பாடகி ரியானன் கிடன்ஸ் இருந்த கரோலினா சாக்லேட் டிராப்ஸ் குழு உருவானது. பாஞ்சோ வைத்திருக்கும் ஒவ்வொருவரும் இந்த வரலாற்றைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். எத்தனை ஆயிரம் டாலர் வாத்தியமாக இருந்தாலும் அது சுரைக்குடுவையிலிருந்து வந்தது.

தாளக்கட்டு

நன்றி, இது எனக்குத் தெரியாத வரலாறு.

நம் பக்கத்து இசையோடு பாஞ்சோ சேர்ந்ததைக் கேட்க விரும்புகிறவர்களுக்கு: பேலா ஃப்ளெக், ஜாகிர் உசேன், எட்கர் மேயர், ராகேஷ் சௌராசியா நால்வரும் சேர்ந்து 2023-ல் ஓர் ஆல்பம் வெளியிட்டார்கள். அடுத்த ஆண்டு அதற்கு கிராமி கிடைத்தது. நான் அதை முதலில் தபேலாவுக்காகத்தான் கேட்டேன். கேட்கக் கேட்கக் காது பாஞ்சோ பக்கம் போய்விட்டது. பாஞ்சோவில் நாதம் நீண்டு நிற்காது, அடித்தவுடன் அடங்கும். அதனாலேயே தாளத்தோடு அப்படி ஒட்டிக்கொள்கிறது. கமகம் அதில் கஷ்டம். ஆனால் சொற்கட்டு மாதிரி வேகமான அமைப்புகள் அதில் பளிச்சென்று விழுகின்றன.

என்னுடைய இன்னொரு கேள்விக்கும் பதில் வேண்டும். கடற்கரைக் காற்றில் இப்படி ஒரு வாத்தியம் பிழைக்குமா? என் அக்கா மகன் ஒன்று வாங்கி வரப்போகிறான்.

மரவேலை

பிழைக்கும், கவனமாகப் பார்த்துக்கொண்டால். ஹெட்டுக்குக் கவலை இல்லை. கவலை மரத்துக்குத்தான். இங்கே குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும்போது காற்று வறண்டு ஃப்ரெட் முனைகள் கையைக் கீறும். சென்னையில் அதற்கு நேர்மாறு, மரம் ஈரத்தை வாங்கிக்கொள்ளும். பெட்டிக்குள் ஈரப்பத மீட்டர் ஒன்று போட்டுவைத்து 45 முதல் 55 வரை இருக்கும்படி பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஏசி அறையிலிருந்து வெயிலுக்கும் வெயிலிலிருந்து ஏசிக்கும் அடிக்கடி கொண்டுபோவதைத் தவிர்த்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

பெரிய எதிரி வியர்வையும் உப்பும். நிக்கல் முலாம் பூசிய வளையத்தில் வலது முன்கை படும் இடத்தில் முதலில் மங்கும், அப்புறம் புள்ளி விழும். வாசித்து முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் தந்தி, வளையம், கைதாங்கி மூன்றையும் துடைத்து வைத்தால் போதும். பாலிஷ் எதுவும் வேண்டாம். முலாம் பூசிய இடத்தில் பாலிஷ் போட்டுத் தேய்த்தால் முலாம்தான் போகும்.

காவேரிக்கரை

ஒரு பக்கக் கேள்வி. நாங்கள் இருப்பது அடுக்குமாடி. ரெசொனேட்டர் வைத்த பாஞ்சோ வந்தால் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார். என்ன செய்வது?

மலையடிவாரம்

ரெசொனேட்டரைப் பிடித்திருப்பது நான்கு திருகுகள்தான். கையாலேயே கழற்றலாம். அதைக் கழற்றிவிட்டு, ஹெட்டுக்கும் உள்ளே போகும் கம்பிக்கும் நடுவில் ஒரு பழைய மென்துணியை மடித்துச் செருகுங்கள். பாதி ஒலி அடங்கிவிடும். பிரிட்ஜில் மாட்டும் மியூட்டும் கிடைக்கிறது. ஆனால் வாரத்தில் ஒரு நாளாவது எல்லாவற்றையும் எடுத்துவிட்டு முழு ஒலியில், திறந்த வெளியில் வாசியுங்கள். அடக்கியே வாசித்துப் பழகினால் வலது கை பயந்த கையாகவே நின்றுவிடும்.

அதைவிட நல்லது, பலர் வட்டமாக உட்கார்ந்து வாசிக்கும் ஜாம் ஒன்றைத் தேடிப் போவது. புளூகிராஸ் உயிரோடு இருப்பதே அந்த வட்டத்தில்தான். இங்கே ராலேயில் 2013-லிருந்து 2024 வரை ஆண்டுதோறும் பெரிய புளூகிராஸ் விழா நடந்தது, இப்போது அது டென்னசி மாநிலத்தின் சட்டனூகாவுக்குப் போய்விட்டது. அப்போதெல்லாம் தெருமுனை, ஓட்டல் வரவேற்பறை, மாடிப்படி என்று எங்கே பார்த்தாலும் வட்டம் போட்டு வாசித்துக்கொண்டிருப்பார்கள். முன்பின் தெரியாதவர்கள் சேர்ந்து ஒரே பாட்டை ஆளுக்கு ஒரு சுற்று வாசிப்பார்கள்.

வட்டத்தில் உட்காரும்போது ஒன்று முக்கியம். ஒருவர் பாடும்போது பாஞ்சோ பின்னால் போக வேண்டும். மேலே போய்ச் சின்னச் சின்னதாக 'சக், சக்' என்று கார்டை வெட்டி வாசிக்க வேண்டும். உங்கள் முறை வரும்போது முழுசாகத் திறக்கலாம். பாடகர் பி ஸ்ருதி என்றால் தந்திகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வியான கேப்போவை நான்காம் ஃப்ரெட்டில் போட்டு, ஐந்தாம் தந்தியை அதற்காகவே பதித்திருக்கும் குட்டி ஆணிக்குக் கீழே மாட்டிக்கொள்ள வேண்டும். கையால் செய்த பாஞ்சோவை வாங்கிப் பெட்டியில் பூட்டி வைக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு வலிக்கிறது. மரமும் உலோகமும் சேர்ந்து பழகுவது வாசிக்க வாசிக்கத்தான்.

காவேரிக்கரை

எல்லாருக்கும் ஒரு செய்தி. போன சனிக்கிழமை இங்கே ஒரு கடைக்குப் போனேன். மரவேலை அண்ணன் சொன்ன தாளை எடுத்துக்கொண்டுதான் போனேன்.

முதலில் காட்டியது பளபளவென்று தங்க முலாம், கழுத்து முழுக்கக் கொடி வேலைப்பாடு. தாள் ஹீலுக்குள் சர்ரென்று போய்விட்டது. பத்தாம் ஃப்ரெட்டுக்கு மேல் ஒலி செத்துவிட்டது. இரண்டாவது, ஹியூபர் பட்டறை செய்த பழைய பாஞ்சோ. அலங்காரம் என்று ஒன்றும் இல்லை, ரெசொனேட்டரில் இரண்டு கீறல் வேறு. தாள் நுழையவில்லை. அதில் ஒரு ஃபார்வர்ட் ரோல் வாசித்ததும் கடையில் கிட்டார் பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் திரும்பிப் பார்த்தார். மலையடிவாரம் அண்ணா சொன்னதும் உண்மை: என் கட்டை விரல் பிந்துவது அவ்வளவு தெளிவாகக் கேட்டது.

அதைத்தான் எடுத்திருக்கிறேன். வீட்டில் ஒரு வழியாகச் சம்மதம். ஒரு சந்தேகம் மட்டும்: வழியில் பிரிட்ஜ் நகர்ந்துவிட்டது போலிருக்கிறது, மேலே போகப் போக ஸ்ருதி சேரவில்லை.

மரவேலை

வாழ்த்துகள் தம்பி. நல்ல தேர்வு.

பிரிட்ஜ் ஒட்டி வைத்தது இல்லை, தந்தியின் அழுத்தத்தில் சும்மா நிற்கிறது. அதனால் பயப்பட ஒன்றும் இல்லை. முதல் தந்தியை 12-ஆம் ஃப்ரெட்டுக்கு நேர் மேலே விரலால் லேசாகத் தொட்டு அடியுங்கள், மணி போல ஒரு ஸ்வரம் வரும். அடுத்து அதே 12-ஆம் ஃப்ரெட்டில் அழுத்தி அடியுங்கள். இரண்டும் ஒரே ஸ்ருதியாக இருக்க வேண்டும். அழுத்தி அடித்தது கூடுதலாக இருந்தால் பிரிட்ஜை டெயில்பீஸ் (தந்திகளின் கீழ் முனையைப் பிடித்திருக்கும் பகுதி) பக்கம் ஒரு மயிரிழை தள்ளுங்கள். குறைவாக இருந்தால் கழுத்துப் பக்கம். தள்ளும் முன் தந்திகளைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்ளுங்கள். நான்காம் தந்திக்கும் இதே சோதனை. அந்தப் பக்கம் பெரும்பாலும் இன்னும் சற்றுப் பின்னால் போகும், பிரிட்ஜ் லேசாகச் சாய்ந்து நிற்பது இயல்புதான். சரியானதும் அதன் மூன்று கால்களும் நிற்கும் இடத்தை ஹெட்டில் மென்மையான பென்சிலால் குறித்து வைத்துவிடுங்கள். அடுத்த தடவை தந்தி மாற்றும்போது ஒவ்வொன்றாக மாற்றுங்கள். ஐந்தையும் ஒன்றாகக் கழற்றினால் பிரிட்ஜ் விழும்.

காவேரிக்கரை

செய்துவிட்டேன் அண்ணா, சேர்ந்துவிட்டது. நான்காம் தந்திப் பக்கம் நீங்கள் சொன்ன மாதிரியே கொஞ்சம் பின்னால் போனது. ஞாயிற்றுக்கிழமை இங்கே பூங்காவில் ஒரு ஜாம் இருக்கிறதாம், எடுத்துக்கொண்டு போகிறேன்.